எட்டு மணி நேரம் படுத்தா எட்டு மணி நேரம் தூக்கமா?

இன்னைக்கு தூக்கம் பத்தி பேசப்போறோம். பயப்படாதீங்க, "ஃபோனை ஓரமா வை"ன்னு அட்வைஸ் பண்ண வரல.

2021-ல 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்'ங்கிற இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. நடந்தது நம்ம சென்னையில. குறைந்த வருமானம் உள்ள 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, அவங்க தூக்கத்தை கையில கட்டுற கருவியால அளந்தாங்க. ராத்திரி படுக்கையில இருந்தது 8 மணி நேரம். உண்மையில தூங்கினது ஐந்தரை மணி நேரம்தான்! வெக்கை, கொசு, தெருச் சத்தம்னு தூக்கம் துண்டு துண்டா உடைஞ்சிருக்கு.

சிலருக்கு காதடைப்பான், மெத்தை, ஃபேன் எல்லாம் கொடுத்தாங்க. ராத்திரி தூக்கம் சராசரியா 27 நிமிஷம் கூடுச்சு. ஆனா மனநிலையிலயோ வேலைத் திறன்லயோ எந்த மாற்றமும் தெரியல. அதே ஆபீஸ்ல மத்தியானம் அரை மணி நேரம் தூங்கவிட்டப்போ ரெண்டுமே கூடுச்சு. கூடுதல் நேரத்தை விட, யாரும் எழுப்பாத நேரம்தான் முக்கியம்னு நான் இதைப் புரிஞ்சுக்கிறேன்.

அந்த நேரத்தை நாம தனியா உருவாக்க முடியாது, சுத்தி இருக்கிறவங்க மனசு வைக்கணும். அணுபுரம் மாதிரி ஊர்ல இது நல்லாத் தெரியும். கல்பாக்கம் அணுசக்தித் துறை ஊழியர்களோட குடியிருப்பு அது. அணு உலையை ராத்திரி ஆச்சுன்னு அணைச்சுட்டு வர முடியாதே, அதனால ஷிஃப்ட். நைட் முடிஞ்சு வர்றவர் கண்ணுல வெயில் பட்டதும் மூளைக் கடிகாரம் "விடிஞ்சிருச்சு"ங்கும். போதாததுக்கு குக்கர் விசில், பசங்க சத்தம். சாயங்காலம் எல்லாரும் வாசல்ல கூடிப் பேசுறப்போ இவர் டிபன் டப்பாவோட கிளம்பணும். தூங்கினா பேச ஆளில்ல, பேசினா தூக்கமில்ல.

ஆனா குவார்ட்டர்ஸ்ல ஒரு வசதி. "அண்ணன் நைட் டூட்டி, பெல் அடிக்காதே"ன்னு பக்கத்து வீட்டுக்காரங்களே பிள்ளைங்களை அதட்டுவாங்க. அமெரிக்க கிளையன்ட்டுக்காக ராத்திரி ரெண்டு மணி வரை கால்ல இருக்கிற நமக்கும் ஷிஃப்ட்தான், பேரு மட்டும் இல்ல. ஓ.எம்.ஆர். ஃபிளாட்ல எதிர்வீட்டுக்கு நம்ம பேரே தெரியாது, தூங்குற நேரம் எங்க தெரியப்போகுது?

அதனால இந்த வாரம் ரூம்மேட்கிட்ட ரெண்டு விஷயம் பேசிப் பாருங்க: நீங்க எப்போ தூங்குவீங்க, ரெண்டு பேரும் எந்த வேளை சேர்ந்து சாப்பிட முடியும்.