மரவள்ளிக் கிழங்கும் மனித ஜீரணமும்

குச்சிக் கிழங்கு என்றும், ஏழிலைக் கிழங்கு என்றும், கப்பை என்றும் இடத்திற்கு இடம் பெயர் மாறி வழங்கும் மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்த பயிர். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரையில் ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிடும்படி குடிகளைத் தூண்டினார். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபொழுது, அந்நாட்டு ஏழை ஜனங்களின் பசியை ஆற்றியதில் இக்கிழங்கிற்குப் பெரும் பங்கு உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரி ஜில்லாக்களில் இது ஜவ்வரிசி ஆலைகளுக்காகப் பெருவாரியாகப் பயிராகி வருவதை எல்லோரும் அறிவர்.

இவ்வளவு உபகாரமான கிழங்கு, சில சமயங்களில் உண்டவருக்குத் தலைசுற்றலையும் வாந்தியையும் உண்டாக்குவதும், ஆடுமாடுகளைச் சில நிமிஷங்களில் மாய்த்துவிடுவதும் ஏன்? காரணத்தை அறிந்தால், அபாயத்தை நீக்கும் வழியும் தானே விளங்கும்.

மரவள்ளியின் இலை, தோல், கிழங்கு யாவற்றிலும் லினமாரின் என்னும் ஒரு வஸ்து இருக்கிறது. சர்க்கரையோடு ஸயனைடு பிணைந்து நிற்கும் பொருள் இது. பிணைந்திருக்கும் வரையில் கொடிய விஷமன்று. அதே செடியில், வேறு அறையில், லினமாரேஸ் என்னும் நொதிப் பொருள் ஒன்று இருக்கிறது. கிழங்கு நசுங்கினாலும் அறுபட்டாலும் இவ்விரண்டும் கலந்து, பிணைப்பு அறுந்து, ஹைட்ரோஸயனிக் அமிலம் என்ற விஷம் வெளிப்படுகிறது. சுட்ட சுண்ணாம்புக் கல்லும் ஜலமும் தனித்தனியே இருக்கும் வரையில் சூடில்லை; சேர்ந்தவுடன் கொதிக்கிறதல்லவா? அதைப் போன்றதே இதுவும். தன்னைக் கடித்துத் தின்னும் பிராணிகளைத் தடுக்கச் செடி செய்துகொண்ட காவல் இது.

இவ்விஷத்தின் இயல்பு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். அது 26 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திலேயே ஆவியாகிவிடக் கூடியது; ஜலத்திலும் எளிதில் கரையும். ஆகவே கிழங்கை வெளியில் உடைத்தால் விஷம் காற்றோடும் ஜலத்தோடும் போய்விடும். உடைக்காமல் உண்டால் அந்த வேலை வயிற்றினுள்ளே நடைபெறும். இக்கட்டுரையின் சாரம் இதுவே.

பச்சைக் கிழங்கை மென்று தின்பவனுக்கு வாயிலிருந்தே இரு பொருள்களும் கலக்கத் தொடங்குகின்றன. விஷம் விரைவில் இரத்தத்தில் ஏறுகிறது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடலின் அணுக்கள் அதை உபயோகிக்க முடியாமல் தவிக்கின்றன. தலைவலி, மயக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவை அடுத்தடுத்து வரும்.

வேகவைத்த கிழங்கின் கதை வேறு. நெருப்பில் இட்டவுடன் லினமாரேஸ் செத்துப் போகிறது; ஆனால் லினமாரினோ கொதிக்கும் உஷ்ணத்தையும் தாங்கி நிற்கிறது. ஆகையால் "வெந்துவிட்டது, விஷம் போயிற்று" என்று இல்லத்தரசிகள் எண்ணுவது பாதி உண்மையே. நமது ஜீரண நீர்கள் லினமாரினைப் பிளக்கும் சக்தி மிகக் குறைந்தவை. அதில் சுமார் கால் பங்கு சிறுகுடலின் வழியே இரத்தத்தில் சேர்ந்து, மாறாமலே சிறுநீரில் கழிந்துவிடுகிறது. பெருங்குடலை அடையும் பகுதியை அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பிளந்து, விஷத்தை வெளிப்படுத்துகின்றன. உண்டு பல மணி நேரம் கழித்து உபத்திரவம் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

அதிர்ஷ்டவசமாக நம் உடலிலும் ஒரு காவல் உண்டு. ஈரலில் உள்ள ரோடனேஸ் என்னும் நொதி, ஸயனைடுடன் கந்தகத்தைச் சேர்த்துத் தயோஸயனேட் என்ற சாதுவான பொருளாக்கிச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. அதற்கு வேண்டிய கந்தகம் மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றின் புரதத்திலிருந்து கிடைக்க வேண்டும். மரவள்ளியிலோ புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே. மலையாள நாட்டார் கப்பையோடு மீன் குழம்பு சேர்த்து உண்பது ருசிக்கு மட்டுமன்று, உடலுக்கும் உகந்தது என்பது இதனால் விளங்கும். மேலும், தயோஸயனேட் மிகுந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பது தடைப்படும். அயோடின் குறைந்த ஆகாரம் உண்பவர்க்கு இதனால் கண்டமாலை என்னும் கழுத்து வீக்கம் வரலாம். கடல் மீனும் அயோடின் கலந்த உப்பும் இதைத் தடுக்கும்.

கந்தகமும் இன்றி, விஷமும் நீங்காமல், வாரக்கணக்கில் இக்கிழங்கையே உண்டால் நேர்வது யாது? காங்கோ நாட்டின் குவாங்கோ பகுதியில் கண்ட ஒரு நோயை டிராலி என்ற வைத்தியர் 1938-ல் எழுதி வைத்தார். கால்கள் இரண்டும் திடீரென்று விறைத்து, மீண்டும் நேராகாமல் போகும் அந்நோய்க்கு அங்குள்ளோர் இட்ட பெயர் கோன்ஸோ. கட்டுண்ட கால் என்பது பொருள். 1981-ல் மொஸாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் மழை பொய்த்தபொழுது ஆயிரத்திற்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், இவ்விதம் நடை இழந்தனர். மற்றப் பயிர்கள் கருகிக் கசப்பு மரவள்ளி மட்டும் பிழைத்தது. வறட்சியால் அதில் விஷமும் ஏறியிருந்தது. பசியின் அவசரத்தில் நன்றாகப் பதப்படுத்த அவகாசமில்லை. தொட்டுக்கொள்ளப் பயறும் மீனும் இல்லை. கிழங்கை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. பஞ்சமும் அவசரமுமே அதனோடு கூடிக் கேடு செய்தன.

இனிப் பதப்படுத்தும் முறைகளைப் பார்ப்போம். பெரிய துண்டுகளாக, கொஞ்சம் ஜலத்தில் வேகவைத்தால் விஷப் பொருளில் கால் பங்கே நீங்கும். சிறு துண்டுகளாக நறுக்கி, ஏராளமான ஜலத்தில் கொதிக்கவைத்து வடித்துக் கொட்டினால் முக்கால் பங்கு நீங்கும். சுடுவதாலும், ஆவியில் அவிப்பதாலும், வறுப்பதாலும் குறைவது சொற்பமே. பச்சைக் கிழங்கைத் துருவி அல்லது இடித்து வெயிலில் உலர்த்துவது எல்லாவற்றிலும் சிறந்தது. அதில் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். ஜவ்வரிசி ஆலையில் கிழங்கை அரைத்துப் பலமுறை கழுவுவதால் மாவு சுத்தமாகிறது. உலர்ந்த கிழங்கு மாவுக்கு, ஆஸ்திரேலிய தேசீயப் பல்கலைக் கழகத்தின் ஹோவார்ட் பிராட்பரி என்பவர் ஓர் எளிய உபாயம் கண்டார். மாவை ஜலம் விட்டுப் பிசைந்து, பாயில் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாத கனத்தில் பரப்பி, வெயிலில் 2 மணி அல்லது நிழலில் 5 மணி நேரம் விட்டு, அன்றே சமைப்பதுதான் அது. மாவில் மீந்த விஷம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

கால்நடைகளுக்கு அபாயம் அதிகம். அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பச்சை இலையையும் தோலையும் வெகு விரைவில் பிளந்து விடுவதால், மாடு மேய்ந்த இடத்திலேயே விழக்கூடும். தாமதமின்றிக் கால்நடை வைத்தியரை அழைத்தால், சோடியம் தயோஸல்பேட் ஊசியினால் கந்தகம் கொடுத்துக் காப்பாற்ற இடமுண்டு.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை:

(1) கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு உட்பட்ட ஸயனைடு உள்ள கிழங்கு சாதுவானது. 100-க்கு மேற்பட்டது அபாயமானது. ஆலைக்கென்று பயிரிட்ட கசப்பு ரகத்தை வேலையாட்களுக்குக் கொடுக்க நேர்ந்தால், அது இன்ன ரகம், இவ்விதம் பக்குவம் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவும். சொல்லாமல் கொடுப்பது தர்மமாகாது.

(2) மழை குறைந்த வருஷங்களில் வழக்கமாக உண்ணும் ரகத்திலும் விஷம் ஏறும். அவ்வருஷங்களில் இதை ஊராருக்கு முன்னதாகவே அறிவிக்கவும்.

(3) தோலை முற்றிலும் நீக்கவும். குழந்தைகள் பச்சைக் கிழங்கைக் கடிக்க விடலாகாது.

(4) அறுவடை செய்த வயலில் ஆடுமாடுகளை உடனே விடாதீர்கள். இலையை நறுக்கி நன்றாக உலர்த்திய பின்பே கொடுக்கவும்.

(5) கிழங்கு உண்ணும் நாளில் பருப்போ, மீனோ, முட்டையோ, மோரோ ஏதேனும் ஒன்று உடன் இருக்கட்டும்.

வறட்சியிலும் நம்மைக் கைவிடாத பயிர் இது. அதன் காவலை அடுக்களையிலேயே உடைத்துவிட்டு உண்போமானால், அதனிடம் நாம் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை.