கார்பன் மிகுந்த 'ஏழை' விண்மீன்கள்

சாத்தே சுடும் அடுப்புக் கரியிலும் பென்சில் முனையிலும் இருப்பது கார்பன். நம் உடல் எடையிலும் ஏறக்குறைய 18 விழுக்காடு அதுதான். இந்தக் கார்பனை முதன்முதலில் உருவாக்கியது எது? அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய சில விண்மீன்கள் இன்றும் வானத்தில் உள்ளன.

பிரபஞ்சம் தோன்றியபோது இருந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டுமே. கார்பன், இரும்பு போன்றவை பிறகுதான் விண்மீன்களுக்குள் உருவாயின. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் இணைந்தால் ஒரு கார்பன் அணுக்கரு கிடைக்கும். விண்மீன் மடியும்போது, தான் உருவாக்கியவற்றை விண்வெளியில் கொட்டிவிடுகிறது. அதிலிருந்து அடுத்த தலைமுறை பிறக்கிறது. இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை இரும்பு கூடிக்கொண்டே வரும். ஆகவே, இரும்பு மிகக் குறைந்த விண்மீன் பெரும்பாலும் மிகப் பழையது.

வியப்பு என்னவென்றால், இத்தகைய பழைய விண்மீன்கள் பலவற்றில் இரும்புதான் குறைவு. கார்பனோ அந்த அளவுக்குக் குறைவாக இல்லை. இரும்போடு ஒப்பிட்டால் அது மிக அதிகம். அந்தக் கார்பன் பிறவிச் சொத்தா, பிறர் கொடுத்ததா? கேள்வியே இதுதான்.

கொடுத்ததாகவும் இருக்கலாம். சில விண்மீன்கள் இரட்டையாகப் பிறக்கின்றன. அவற்றில் பெரியது முதுமையில் ஊதிப் பெருத்து, தன்னுள் உருவான கார்பனையும் பேரியத்தையும் துணையின் மேல் கொட்டுகிறது. பிறகு வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கி மங்கிவிடுகிறது. ஆகவே, ஒரு விண்மீனின் ஒளியில் கார்பனோடு பேரியமும் மிகுந்து தெரிந்தால், துணையின் மீது சந்தேகம் விழுகிறது.

இந்தச் சந்தேகம் சரிதானா என்று விண்மீன்களின் அசைவைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. பேரியம் மிகுந்த 22 விண்மீன்களில் 18 இரட்டைகள். பேரியம் மிகாத 24இல் 4 மட்டுமே இரட்டைகள். அப்படியானால், இந்த இரண்டாம் வகையில் பெரும்பாலானவற்றுக்குக் கார்பன் பிறவியிலேயே வந்திருக்க வேண்டும்.

பேரியம் மிகுந்தவற்றை ஒதுக்கிவிட்டு 2014இல் ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. சூரியனைப்போல் 100இல் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இரும்பு உள்ளவற்றில், ஐந்தில் ஒன்று கார்பன் மிகுந்தது. 10,000இல் ஒரு பங்குக்குக் கீழே போனால், ஐந்தில் நான்கு!

அதே 2014இல், ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகத்திலுள்ள ஸ்கைமேப்பர் தொலைநோக்கி வழியாக ஸ்டீபன் கெல்லர் குழுவினர் கண்டறிந்த விண்மீன் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் ஒளியில் கார்பன் தெரிந்தது. இரும்பின் தடயமே தெரியவில்லை. சூரியனில் இருப்பதில் ஒரு மில்லியனில் ஒரு பங்குகூட அதில் இல்லை.

இரும்பு எங்கே போனது? ஆதி விண்மீன் ஒன்று வலுக்குறைந்து வெடித்திருந்தால், நடுவிலிருந்த இரும்பு மீண்டும் உள்ளே விழுந்து கருந்துளைக்குள் அடைபட்டிருக்கும். வெளி அடுக்கில் இருந்த கார்பன் மட்டும் தப்பியிருக்கும் என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.

அப்படித் தப்பிய கார்பன் வீண்போகவில்லை. வாயு மேகங்கள் குளிர்ந்து சிறிய, நீண்ட ஆயுள் கொண்ட விண்மீன்களாக உடைய அது உதவியது. ஆதி விண்மீன்களில் பெரியவை எல்லாம் எப்போதோ மடிந்துவிட்டன. அவை விட்டுச்சென்ற சொத்தை வைத்துத்தான் அவற்றின் கதையை இன்று படிக்க முடிகிறது.