பட்டம் இழந்த பிரகாச மண்டலம்!



தோசை சுட்டு முடித்து அடுப்பை அணைத்த நேரத்தில் மின்சாரமும் போய்விட்டது. இருட்டில் தோசைக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும், சற்றுத் தள்ளிக் கையை நீட்டினாலே கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். எப்படி? கல்லில் இருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்கள் கையில் படுகின்றன. அவற்றை நாம் சூடாக உணர்கிறோம். இக்கதிர்களை 1800-ம் ஆண்டு கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல்.

வானத்திலும் இப்படிப்பட்ட 'தோசைக்கற்கள்' உண்டு. சில நட்சத்திர மண்டலங்களில் தூசு மிக அதிகம். உள்ளே இருக்கும் ஒளியைத் தூசு விழுங்கிவிடும். அதனால் தானும் சூடாகி, அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விடும். அவற்றில் பெரும்பகுதியைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. எனவே விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

1983 ஜனவரியில் அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து நாடுகள் சேர்ந்து 'ஐராஸ்' என்ற செயற்கைக்கோளை அனுப்பின. தொலைநோக்கியின் சொந்தச் சூடே இடைஞ்சலாகி விடக்கூடாதே! அதனால் திரவ ஹீலியத்தால் அதைக் கடுங்குளிரில் வைத்திருந்தனர். ஹீலியம் தீரும் வரை, 10 மாதங்களில், ஏறக்குறைய முழு வானத்தையும் அது அலசியது. சுமார் 3,50,000 இடங்களில் இருந்து அகச்சிவப்புக் கதிர்கள் வருவதைக் கண்டது.

ஆனால், ஐராஸின் பார்வை மங்கல். 'இந்தத் திசையில் ஏதோ சூடாக இருக்கிறது' என்று மட்டும் அது சொல்லும். அது என்ன, எவ்வளவு தூரம் என்பதைச் சாதாரண ஒளியில் பார்க்கும் பெரிய தொலைநோக்கிகள்தான் ஒவ்வொன்றாகத் தேடிச் சொல்ல வேண்டும்.

அப்படித் தேடியபோது, 1991-ல் மைக்கேல் ரோவன்-ராபின்சன் குழுவினர் ஓர் அதிசயத்தை அறிவித்தனர். பெருங்கரடி மண்டலத்தின் திசையில் ஒரு மங்கலான புள்ளி. அதன் பெயர் எஃப் 10214+4724. வானத்தில் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களே அதன் பெயர்! அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 1,000 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் தெரிகிறது என்றால், அதன் பிரகாசம் சுமார் 300 லட்சம் கோடி சூரியன்களுக்குச் சமம் என்று கணக்கு வந்தது. 'பேரண்டத்திலேயே மிகப் பிரகாசமானது' என்ற பட்டமும் கிடைத்தது.

சில ஆண்டுகள் கழித்து, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி அதைத் துல்லியமாகப் படம் பிடித்தது. புள்ளி அல்ல, வளைந்த வில் போல ஒரு கோடு! காரணம் என்ன? நமக்கும் அதற்கும் நடுவே இன்னொரு நட்சத்திர மண்டலம் இருக்கிறது. அதன் ஈர்ப்பு, பின்னால் இருந்து வரும் ஒளியை வளைத்து, பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஈர்ப்பு ஒளியை வளைக்கும் என்று ஐன்ஸ்டீன் முன்பே சொல்லியிருந்தார் அல்லவா? சாதாரண ஒளியில் அது சுமார் 100 மடங்கு கூடுதல் பிரகாசத்தோடு தெரிந்திருக்கிறது! பட்டம் போயிற்று. ஆனாலும், உண்மையான பிரகாசமே பல லட்சம் கோடி சூரியன்களுக்குச் சமம்தான்.

இவ்வளவு ஒளி எங்கிருந்து வருகிறது? புதிதாகப் பிறக்கும் நட்சத்திரங்கள் ஒரு காரணம். மற்றொன்று, மையத்தில் உள்ள ராட்சதக் கருந்துளை. அதில் விழப்போகும் வாயு, சுழன்று சூடாகிப் பயங்கரமாக ஒளிர்கிறது. தூசு அதை நேராகப் பார்க்க விடாது. ஆனால், பக்கத்து அறை விளக்கின் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டுத் தெரிவது போல, மறைந்திருக்கும் மையத்தின் ஒளியும் சுற்றியுள்ள தூசில் பட்டுச் சிதறி வருகிறது. அதை வைத்தே விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தனர்.

பார்த்தீர்களா குழந்தைகளே! சூடு இடத்தைக் காட்டியது. படம் உண்மையைச் சொன்னது. முதல் விடையோடு நிறுத்தாமல் இன்னொரு முறை சரிபார்ப்பதுதான் அறிவியல். கணக்குப் பாடத்திலும் அப்படித்தானே?