கை நடுங்கினால் எந்த ஸ்கேன்?

அப்பாவின் கை நடுங்குகிறது, நடையும் தளர்ந்துவிட்டது என்றதும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடலாமே" என்பதுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமில்லை. எடுத்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வருகிறது. அப்படியானால் பார்க்கின்சன் இல்லை என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதி, மருந்தை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இது ஆபத்து. பார்க்கின்சன் நோயின் தொடக்கத்தில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும்.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன். அதை முதலில் கண்டுபிடிப்பது இயந்திரம் இல்லை, நரம்பியல் மருத்துவரின் கண்ணும் கையும்தான். அசைவு மந்தமாகியிருக்கிறதா, மூட்டை மடக்கினால் விறைப்பு தெரிகிறதா, மடியில் சும்மா வைத்திருக்கும்போது கை நடுங்குகிறதா என்று பார்ப்பார்கள். காபி டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் மட்டும் நடுங்கினால் அது வேறு வகை நடுக்கமாக இருக்கலாம். பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரைக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதும் ஒரு சோதனையே.

பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு? பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறு நோய்களைப் பிடிக்க. மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கி அவை வீங்கியிருந்தால், கால் தரையில் ஒட்டினாற்போல நடை வரும், சிறுநீர் கட்டுப்படாது, ஞாபகமும் தடுமாறும். நீரை வடிக்கும் குழாய் வைத்தால் சிலருக்கு நடை நன்றாகத் தேறும். இதற்கு சி.டி. ஸ்கேனே நல்ல தடயம் கொடுத்துவிடும். நோய் தொடங்கிய ஓராண்டுக்குள்ளேயே அடிக்கடி மல்லாக்க விழுகிறவர், மாடிப்படியில் கீழே பார்க்க முடியாமல் தடுமாறுகிறவர் என்றால் பி.எஸ்.பி. என்ற நோயைச் சந்தேகிப்பார்கள். அதில் நடுமூளை சுருங்கி, பக்கவாட்டுப் படத்தில் நீண்ட அலகுள்ள ஹம்மிங்பேர்ட் பறவை போலத் தெரியும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறவருக்கு எம்.எஸ்.ஏ. என்ற நோய் இருக்கலாம். நடுக்கம் வந்தவர் இளைஞர் என்றால் வில்சன் நோயை விலக்காமல் விடக்கூடாது. உடம்பில் தாமிரம் சேர்வதால் வருவது அது. மருந்து உண்டு, தாமதித்தால் கல்லீரலும் மூளையும் சேர்ந்து கெடும்.

அடுத்தது, இப்போது பரவலாக எழுதித் தரப்படும் 'ட்ரோடாட்' ஸ்கேன். சிறு அளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, சில மணி நேரம் கழித்து டோபமைன் நரம்பு முனைகளைப் படம் எடுப்பார்கள். இதே வகையைச் சேர்ந்த 'டாட்ஸ்கேன்' மருந்துக்கு அமெரிக்கா 2011இல் அனுமதி கொடுத்தது. பரம்பரை நடுக்கமா பார்க்கின்சனா என்று மருத்துவருக்கே தெளிவில்லாதபோது இது உதவும்: முன்னதில் படம் நார்மல், பின்னதில் குறைந்து காணும். ஆனால் பார்க்கின்சன், பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. மூன்றிலுமே படம் குறைந்துதான் காணும். அவற்றுக்குள் எது என்று அது பிரித்துச் சொல்லாது. இதைச் சொல்லாமல் எழுதித் தரும்போதுதான் பல ஆயிரம் ரூபாய் வீணாகிறது.

எந்த ஸ்கேனுக்கும் முன்னால் மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வாயுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கொடுக்கும் கேப்சூல்கள் சிலவற்றில் லெவோசல்பிரைடு என்ற மருந்து கலந்திருக்கிறது. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளுனரிசின், மனநல மருந்துகளில் சில என்று பட்டியல் நீளும். இவை டோபமைனின் வேலையைத் தடுத்து, அச்சு அசலாகப் பார்க்கின்சன் போலவே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரும். ஒருமுறை எழுதிய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்குகிற முதியவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். மருந்தை மாற்றினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோர் தேறுவார்கள். மனநல மருந்தை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் மாங்கனீசு. தொழிற்பேட்டைப் பட்டறைகளில் காற்றோட்டமில்லாத இடத்தில் பல ஆண்டு வெல்டிங் செய்தவர்களுக்கு, புகையிலுள்ள மாங்கனீசு மூளையில் படிந்து நடை மாறலாம். எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். வேலையை விட்டுச் சில மாதங்களானால் அந்தத் தடயம் மங்கிவிடும், அறிகுறிகளோ தங்கிவிடும். எனவே "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மாங்கனீசு நச்சு, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றிருந்த தொழில்சார் நோய், ஈ.எஸ்.ஐ. சட்டமும் அதை ஏற்றிருந்தது. நிரூபித்தால் இழப்பீடு உண்டு. கிரைண்டிங், லேத் வேலை செய்தவர்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் பட்டதா என்பதையும் சொல்ல வேண்டும். காந்தம் அதை இழுத்தால் பார்வை போகலாம். பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்படித்தான், மறைக்காதீர்கள்.

ஸ்கேன் எழுதித் தரும் மருத்துவரிடம், "இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாறாது என்றால் அந்த ஸ்கேனுக்கு அவசரமில்லை. குறிப்பிட்ட சென்டருக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நோயாளியை அனுப்பியதற்கு மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002 மருத்துவ ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. மருத்துவ ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. ரிப்போர்ட் தாளோடு படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது மறுபடி எடுக்க வேண்டியிராது.

செலவுக்கு வழி இல்லாமல் இல்லை. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் ரயிலேறிப் போய்வரும் தூரம்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும். எந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனைக் கவுண்டரில் முன்கூட்டியே கேளுங்கள். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்ற தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். தொழிற்பேட்டையில் ஓய்வு பெற்ற எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள்?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சனைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்தைத் தொட்டால் சலுகைகளுக்கு வழி திறக்கும். அதற்குச் சரியான நோய்ப்பெயர் சான்றிதழில் இருக்க வேண்டும்.

நோயை மாற்றிக் கணித்ததெல்லாம் அலட்சியம் ஆகிவிடாது. இந்த நோய்களில் காலம் போகப் போகத்தான் பெயர் தெளிவாகும் என்பது மருத்துவ உண்மை. ஆனால் அடிப்படைக் கேள்விகளைக்கூடக் கேட்காமல் தவறான சிகிச்சை கொடுத்து உடம்பு கெட்டிருந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது: 2018இல் சென்னை மாவட்டத்தோடு இணைந்த அம்பத்தூர்க்காரர்கள் சென்னையிலும், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் திருவள்ளூரிலும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.