படத்துக்குள் அடங்காத வள்ளி

சங்கரதாஸ் சுவாமிகள் மேடைக்கு எழுதிய 'வள்ளி திருமணம்' 1933-இல் பேசும் படமாக வந்தது; டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்தார். மறு ஆண்டே 'பவளக்கொடி' நாடகமும் படமாகி, மேடையில் பாடிக்கொண்டிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அத்தோடு மேடை வள்ளி ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழா என்றால் இன்றும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது. பக்திதான் காரணம் என்பார்கள். பக்தியைச் சினிமாவும் தாராளமாகவே கொடுத்தது. சினிமாவால் எடுத்துக்கொள்ள முடியாத ஒன்று அந்த நாடகத்தில் இருந்தது என்பதே என் எண்ணம்.

அதுதான் தர்க்கம். இப்படித் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டு, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சேர்கிறார்கள். சுவாமிகளின் கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம் என்பதால் இது முடிகிறது. ஆனால் தினைப்புனத்தில் நாரதரோடும், பிறகு வேடனாக வரும் முருகனோடும் வள்ளி மோதும் தர்க்கப் பேச்சு அன்றன்றைக்குப் பிறப்பது. எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது. பதில் பிசகினால் கூட்டம் சும்மா விடாது. படச்சுருளில் ஏறிய வள்ளியோ எல்லாக் காட்சியிலும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். இரண்டாம் முறை பார்ப்பவருக்கு அதில் போட்டி ஏது?

நாடகம் படமானால் உயிர் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஜெர்மானியரான கேயோர்க் பூக்னர் 1837-இல் இறந்தபோது 'வோய்செக்' நாடகத்தை முடிக்காமல், காட்சிகளின் வரிசைகூட உறுதிப்படாத கையெழுத்துப் படிகளாக விட்டுப்போனார். மேடையேற்றுபவர்கள் ஆளுக்கொரு வரிசை வகுத்துக்கொள்கிறார்கள். வெர்னர் ஹெர்சாக் 1979-இல் அதைப் படமாக்கியபோது ஒரே வரிசையில் நிறுத்தியாக வேண்டியிருந்தது. படம் அதனால் கெட்டுவிடவில்லை. ஏழைச் சிப்பாய் ஒருவன் சிறிது சிறிதாக நொறுங்குவதுதான் அந்த நாடகம். நீண்ட ஷாட்களில் கிளவுஸ் கின்ஸ்கியின் முகமே அதைச் சொல்லிவிடுகிறது. நம்மூரிலும் பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1954-இல் கருணாநிதியின் வசனத்தோடு படமானது. சிவாஜி பேசிய அந்த வசனம் பிறகு பள்ளி மேடைகளில் மனப்பாடமாக ஒலித்தது. எழுதி முடித்த பேச்சுக்குச் சினிமா நல்ல வீடுதான்.

ஸ்பெஷல் நாடகமே சினிமாப் பாட்டுக்கு வளைந்துவிட்டதே என்று கேட்கலாம். உண்மை, ஆனால் அந்த இரவல் பெரும்பாலும் முன்னிரவில் வரும் பபூன் காமெடியோடும் டான்ஸோடும் நின்றுவிடுகிறது. இதைவிடக் கனமான மறுப்பு யூடியூபிலிருந்து வருகிறது: தர்க்கத்தையும் இப்போது பதிவுசெய்து போடுகிறார்களே? போடுகிறார்கள். ஆனால் 'இதுதான் வள்ளி திருமணம்' என்று ஒரு பதிவோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. எந்த ஊர், எந்த ஸ்திரீபார்ட், எதிரே எந்த ராஜபார்ட் என்று பார்த்து, அதே நாடகத்தின் அடுத்த பதிவைத் தேடுகிறார்கள்.