இறப்புச் சான்றிதழும் குடும்ப வரலாறும்: கொழும்புத் தமிழரை முன்னிறுத்திய சில குறிப்புகள்

குடும்ப வரலாறு என நம்மிடையே வழங்குவது பெரும்பாலும் குலப்பெருமை பேசும் வம்சாவளியே. முதலியார், உடையார், மணியகாரர் முதலாய பதவிகளை வகித்தோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் பெயர்களை நிரல்படுத்தி வைத்துள்ளனர். துறைமுகத்திற் சுமை தூக்கியவருக்கும் ஆலையில் நூல் நூற்றவருக்கும் அத்தகைய ஏடுகள் இல்லை. அவ்வாறாயின் அவர்களுக்கு வரலாறு இல்லையா? உண்டு. ஆனால் அது அவர்களால் எழுதப்பட்டதன்று. அரசு தன் தேவைக்காக எழுதிய ஆவணங்களுள் சிதறிக் கிடப்பது. அவ்வாவணங்களுள் இறப்புச் சான்றிதழ் முதன்மையானது. அதனை எங்கே தேடுவது, எவ்வாறு வாசிப்பது, எவ்விடத்து அது மௌனமாகின்றது என்பனவற்றை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய இரு பகுதிகளையும் முன்னிறுத்தி இங்கு நோக்குவோம்.

பதிவின் தோற்றமும் இடமும்

ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் நிலத்தையும் குடிகளையும் ஆட்சியின் தேவைக்காகக் கணக்கெடுத்தவை. கிறித்தவ தேவாலயங்கள் தத்தம் சபையோர்க்கான ஏடுகளைப் பேணின. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாக 1757 இல் கட்டி முடிக்கப்பட்ட வூல்வெண்டால் தேவாலயம் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுவது. சமய வேறுபாடின்றி எல்லாரையும் உள்ளடக்கும் பிறப்பு இறப்புப் பதிவோ 1867 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினாலேயே கட்டாயமாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. தொற்றுநோயையும் உழைப்புச் சக்தியையும் கணக்கிடவேண்டிய காலனித்துவ அரசின் தேவையினின்றும் இப்பதிவு முறையைப் பிரித்து நோக்குதல் இயலாது. பிற்காலத்தில் 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் இம்முறையைப் புதுப்பித்தது.

இறப்பு நிகழ்ந்த இடமே பதிவின் இடமாகும் என்பதை ஆய்வாளர் முதற்கண் மனங்கொளல் வேண்டும். இறந்தவர் பிறந்த ஊரோ அவரது நிலையான வதிவிடமோ அதனைத் தீர்மானிப்பதில்லை. 1898 இற் பதிவாளர் நாயகமாக நியமனம் பெற்று, 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்திய பொன்னம்பலம் அருணாசலம் 1924 இல் மதுரையிற் காலமானார். கொழும்பில் வாழ்ந்து புகழ் பெற்றவர் என்பதற்காக அவரது இறப்புப் பதிவைக் கொழும்பிலே தேடத் தொடங்குபவர் முதலடியிலேயே வழிதவறுவர். இவ்வாறே, வடமராட்சியிற் பிறந்து முதுமையில் மகள் வீட்டுக்கு வந்து வெள்ளவத்தையில் இறந்தவரின் பதிவு யாழ்ப்பாணத்தில் இராது. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவையும், கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவையும் சேர்ந்தவை. ஆஸ்பத்திரியில் இறந்திருப்பின் அந்த ஆஸ்பத்திரி அமைந்துள்ள பிரிவிலேயே தேடுதல் வேண்டும்.

இருவகைச் செய்திகள்

1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த படிவத்தில் இறந்த தேதியும் இடமும், முழுப்பெயர், பால், இனம், வயது, தொழில், பெற்றோர் பெயர், இறப்பின் காரணம், அடக்கம் அல்லது தகனம் செய்த இடம், அறிவித்தவரின் பெயரும் முகவரியும் தகுதியும் ஆகியன இடம்பெறுகின்றன. இவை யாவும் ஒரே தரத்தன அல்ல. தேதி, இடம், காரணம் என்பன இறப்போடு உடனிகழ்ந்தவை. அவற்றை அறிந்தோர் அருகில் இருந்தனர். வயதும் பெற்றோர் பெயரும் அறிவித்தவர் கேள்வியால் அறிந்தவை. எண்பது வயது மூதாட்டியின் தந்தை பெயரைக் கூறும் பேரன் அவரைக் கண்டிருக்கமாட்டான். எனவே பின்னைய செய்திகளைப் பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, காணி உறுதி முதலியவற்றோடு ஒப்புநோக்கிய பின்னரே ஏற்றல் தகும்.

ஈழத்துச் சைவ மரபில் முப்பத்தோராம் நாளன்று வெளியிடப்படும் கல்வெட்டு இவ்வொப்பீட்டுக்குப் பெரிதும் உதவுவது. அதிலுள்ள திதி வெண்பா ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைத் தமிழ்க் கணிப்பின்படி கூறும். சான்றிதழோடு அது ஒரு நாள் முரண்படின் உடனே பிழையெனத் தள்ளலாகாது. அரச கணிப்பில் நாள் நள்ளிரவிற் பிறக்கின்றது. மரபுக் கணிப்பில் அது சூரிய உதயத்திற் பிறக்கின்றது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இறந்தவருக்கு இரு தேதிகள் அமைதல் இயல்பே.

பெயர் வடிவிலும் எச்சரிக்கை தேவை. கொழும்புப் பதிவுகள் முன்னர் ஆங்கிலத்திலும், பின்னர் பெரும்பாலும் சிங்களத்திலும் எழுதப்பட்டன. சிங்களத்தில் ழகரம் இல்லை. ஆகவே பழனி என்பவர் பலனி ஆவார். தேடுபவர் ஒரு பெயரின் பல வடிவங்களையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளல் நன்று.

நிரல்களின் சமூகப் பொருள்

கல்வெட்டு பாடுபுகழை உரைப்பது. சான்றிதழோ பாட்டிலே இடம்பெறாதவற்றைப் பேசுகின்றது. தொழில் என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையை அரச இலிகிதர்களின் குடியிருப்பாக மட்டுமே நம்மிற் பலர் அறிவர். ஆனால் அங்கே நூற்பு நெசவு ஆலை ஒன்று இயங்கியது. 1933 இல் அதன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரிகளைத் தொழிற்சங்க அரங்குக்குக் கொணர்ந்தது. ஒரே தெருவில் நிகழ்ந்த இறப்புகளின் தொழில் நிரலை ஒப்பிடின் இலிகிதரும் ஆலைத் தொழிலாளியும் அடுத்தடுத்து வாழ்ந்தனரா, விலகி வாழ்ந்தனரா என்பது புலனாகும். கொட்டாஞ்சேனைப் பகுதியில் துறைமுகத் தொழிலாளர், நாட்டாமைகள், கடைச் சிப்பந்திகள் ஆகியோரை இவ்வாறே இனங்காணலாம். இறப்பின் காரணமும் இத்தகையதே. 1914 இற் கொழும்பில் பிளேக் நோய் தோன்றியபோது எலிகள் மலிந்த தானியக் கிட்டங்கிகளை அண்டி உழைத்தோரே அதற்கு அருகில் இருந்தனர். நோய்க்கு வர்க்கம் இல்லை எனலாம். நோய் தொற்றும் இடத்துக்கு உண்டு.

பெண்களைப் பொறுத்தவரை தொழில் நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். உழைப்பு இல்லாமையை அன்று, கூலி பெறாத உழைப்பை அரசு உழைப்பாகக் கொள்ளாமையையே அவ்வெறுமை காட்டுகின்றது. அதேவேளை, கணவன் பெயராலே அறியப்பட்ட பெண்ணுக்கு அவளது தாய் தந்தையரை மீட்டுக் கொடுப்பதும் இதே சான்றிதழே. ஆண்வழியாக மட்டுமே எழுதப்பட்டு வந்த வம்சாவளியைப் பெண்வழியாகவும் எழுதுவதற்கு வேண்டிய பொருள் இங்குண்டு.

இனம் என்னும் நிரல் தனி நோக்குக்குரியது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் முதன்முறையாகத் தனித்தனியே கணக்கிடப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அக்காலத்துக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவரது தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. ஏடுகளே இல்லாத தொழிலாளியிடம் மூன்று தலைமுறை வரலாற்றுக்கு ஆவணம் கேட்கப்பட்டது. தந்தையின் சான்றிதழில் இந்தியத் தமிழர் என்றும் மகனுடையதில் இலங்கைத் தமிழர் என்றும் காணப்படின் அதனை எழுத்துப் பிழையாகக் கொள்ளலாகாது. அவ்விரு சொற்களுக்கும் இடையே ஒரு குடும்பம் உரிமைக்காகப் பட்ட பாடு இருத்தல் கூடும்.

அறிவித்தவர் யார்?

ஆய்வாளர் பொதுவாக விரைந்து கடந்துசெல்லும் நிரல் அறிவித்தவருடையது. நம் கருத்தில் அதுவே சான்றிதழின் திறவுகோல். இறந்தவருக்காக அரசின் முன் பேசியவர் யார் என்பதை அது கூறுகின்றது. மகன் அறிவித்திருப்பின் அவனது முகவரி அடுத்த தேடலுக்கான இடத்தைத் தருகின்றது. அறிவித்தவர் மருமகன் எனின், புதல்வர் எங்கிருந்தனர் என்ற வினா எழுகின்றது. கடல் கடந்த புலப்பெயர்வின் தடயத்தை அங்குக் காணவும் கூடும். கொட்டாஞ்சேனையிற் குடியேறிய மலையகக் குடும்பத்தார் தம் முன்னோரைத் தேடித் தோட்டப் பதிவுகளை நாடும்போது வேறொரு நிலைமையைக் காண்பர். தோட்டங்களில் இறப்பை மேலிடத்துக்கு அறிவிக்கும் கடமை தோட்டத் துரையிடம் இருந்தது. உயிரோடிருந்தபோது அத்தொழிலாளியின் உழைப்பைக் கணக்கிட்டவரே அவரது இறப்பையும் அறிவித்தார். அத்தகைய பதிவில் வயதும் பெற்றோர் பெயரும் உறவினர் வாய்மொழியை எவ்வளவு தழுவியவை என்ற ஐயம் தவிர்க்கவியலாதது.

அறிவிப்பார் அற்ற இறப்புகள்

1983 ஜூலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர். வெலிக்கடைச் சிறையில் மாத்திரம் அம்மாதம் 25 ஆம், 27 ஆம் தேதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவ்வன்செயல்களில் இறந்தோர் தொகையை அரசு சில நூறு எனக் கூற, பிற மதிப்பீடுகள் ஆயிரங்களைக் குறித்தன. பிரேதம் எரிந்து, உறவினர் அகதிகளாகிக் கப்பலேறிய நிலையில் பதிவாளர் முன் சென்று அறிவிப்பவர் யார்? அவ்விடைவெளியின் ஒரு பகுதியேனும் அறிவிப்பார் அற்ற இறப்புகளால் ஆனது.

போர் முடிந்தபின் 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனோரின் இறப்பைப் பதிவதற்கு வழிசெய்தது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் பலர் அச்சான்றிதழை ஏற்க மறுத்தனர். விசாரணையின்றி வழங்கப்படும் சான்றிதழ் வினாவை முடித்து வைக்கும் கருவியாகிவிடும் என்பதே அவர்தம் வாதம். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறந்தார் என்னாது காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளித்தது. ‘நீயே அறிவித்தவளாக ஒப்பமிடு’ என அரசு கேட்டபோது தாய் மறுத்தாள் என்பதும் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியே. அங்கு வெற்றிடமே ஆவணமாகின்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலுள்ள சான்றிதழ்களைப் படியெடுத்து, மூத்தோர் உயிரோடிருக்கும்போதே அவற்றை வாசித்துக் காட்டி, முரண்படும் செய்திகளைக் குறித்துக்கொள்ளுதல் முதற்பணி. பின்னர் ஒரு தெருவின், ஒரு தொழிலின் சான்றிதழ்களை உரியவர் இசைவோடு ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். தனித்து நோக்குங்கால் ஒரு வீட்டின் துயரமாகத் தோன்றுவது, அவ்வாறு ஒருங்கே நோக்குங்கால் ஒரு சமூகம் உழைத்த விதத்தையும் இடம்பெயர்ந்த விதத்தையும் மாண்ட விதத்தையும் நமக்கு உணர்த்தும்.