கைக்குழந்தையின் பள்ளிக்கூடம்

“கையில் எது கிடைத்தாலும் வாயில் வைத்துக் கொள்கிறதே!” என்று அலுத்துக் கொள்ளாத தாய் உண்டா? நாமும் நம் தம்பி, தங்கையரின் கையிலிருந்து எத்தனையோ பொருள்களைப் பிடுங்கியிருப்போம். அது குறும்பல்ல, கைக்குழந்தைக்கு அதுவே படிப்பு என்பதை இவ்வாண்டுதான் நாங்கள் தெரிந்து கொண்டோம்.

எங்கள் கன்னியர் மட வளாகத்தில், வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் நடக்கிறது. சென்ற கிறிஸ்துமஸுக்கு வகுப்பில் காசு சேர்த்து, பொத்தானை அழுத்தினால் பாட்டுப் பாடி விளக்கெரியும் பெரிய பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை அங்கே கொண்டு போனோம். எட்டு மாதக் குழந்தை ஒன்றின் முன் அதை வைத்துக் கைதட்டினோம். குழந்தை சிறிது நேரம் பார்த்தது. பிறகு பொம்மையைத் தள்ளிவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டியைப் பிடித்துக் கொண்டது! எங்கள் முகம் வாடிப் போயிற்று. ஆனால் எங்களை விட வாடியது அதன் தாயின் முகம்தான். கட்டட வேலைக்குச் செல்பவர் அவர். “எங்க வீட்டுல இந்த மாதிரி பொம்மைக்கு எங்க போறது, பாப்பா? எம்புள்ள விவரமில்லாம வளந்துருமோ என்னவோ” என்றார்.

காப்பகத்துச் சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், ஒரு மரக்கரண்டியும் எவர்சில்வர் தம்ளரும் எடுத்து வந்து குழந்தையின் முன் வைத்தார்கள். அடுத்த கால் மணி நேரம் அந்தக் குழந்தை எங்களில் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

காரணம் எளிது. பிளாஸ்டிக் பொம்மை யானையானாலும் ரயிலானாலும் வாய்க்கு ஏறக்குறைய ஒன்றுதான். தம்ளரோ முதலில் சில்லென்றிருக்கிறது, கையிலேயே இருந்தால் சூடேறுகிறது, தரையில் தட்டினால் கணீரென்கிறது, திருப்பினால் அதில் ஒரு முகம் தெரிகிறது. மரக்கரண்டி அதே தரையில் வேறு ஓசை தருகிறது. கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்துக்கும் வேலை கிடைக்கும்போது குழந்தையின் மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று இணைந்து வலுப்படுகின்றன. குழந்தையின் உதடும் நாக்கும் தொடு உணர்வு மிகுந்தவை. ஆகவேதான் எல்லாம் முதலில் அங்கே போகிறது.

பிறந்த சில வாரங்களுக்குப் பொருள்களே தேவையில்லை. அப்போது குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் இருக்கும் தூரம் அது! கருவிலேயே கேட்டுப் பழகிய தாயின் குரலும் அதற்குத் தெரியும். கறுப்பும் வெளுப்பும் போன்ற அழுத்தமான வேறுபாடு அதன் கண்ணைக் கவரும். நாங்கள் ஒரு சிலேட்டில் கோலம் வரைந்து தூளியின் அருகே காட்டினோம். அழுகை நின்றது. (எங்கள் கோலத்தை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.)

மூன்றாம் மாதமளவில் இன்னொரு வியப்பு. 1969-இல் கரோலின் ரோவி என்ற அமெரிக்க உளவியலாளர், தொட்டிலின் மேல் தொங்கும் பொம்மைகளைக் குழந்தையின் காலோடு ஒரு நாடாவால் இணைத்தார். காலை உதைத்தால் பொம்மை ஆடும் என்பதைக் குழந்தை சில நிமிடங்களில் கண்டுகொண்டு மேலும் மேலும் உதைத்ததாம். நம் வீடுகளில் கொலுசு இதே பாடத்தை நெடுங்காலமாகச் சொல்லித் தருகிறது. மணி எதுவும் கழன்று விழாமல் இருக்கிறதா என்று மட்டும் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

புலன்களின் வழியே கல்வி என்றதும் மாண்டிசோரி அம்மையார் நினைவுக்கு வருவார். 1907-இல் ரோமில் பள்ளி தொடங்கியவர், 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆனால் அவருடைய புகழ்பெற்ற கருவிகள் பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியவை. உட்கார மட்டுமே தெரிந்த குழந்தைக்கு வழி சொன்னவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் பணியாற்றிய எலினோர் கோல்ட்ஷ்மிட் என்ற ஆங்கிலப் பெண்மணி. வீட்டுப் பொருள்களை ஒரு தாழ்ந்த கூடையில் நிரப்பி அவர் குழந்தை முன் வைத்தார். அதற்குப் ‘புதையல் கூடை’ என்று பெயர். பிளாஸ்டிக்குக்கு அதில் இடமில்லை.

நாங்களும் ஒன்று தயாரித்தோம். மணப்பாட்டு ஓலைப்பெட்டி ஒன்றை எடுத்து, விளிம்பு கீறாதபடி துணி வைத்துத் தைத்தோம். உப்புக் காகிதத்தால் தேய்த்து வழவழப்பாக்கிய கொட்டாங்கச்சி, சிறு மத்து, பித்தளைக் கிண்ணம், காடாத் துணி, பட்டுத் துண்டு, கழுவிய முழுச் சாத்துக்குடி எல்லாம் அதில் சேர்ந்தன. பெரியவர் அருகில் இருக்க வேண்டும், ஆனால் “இதை எடு, அதை ஆட்டு” என்று சொல்லக் கூடாது என்பது விதி. வகுப்பில் பேசாமல் இருப்பதை விட இது எங்களுக்குக் கடினமாக இருந்தது!

ஒரு நாள் தவறும் செய்தோம். ஓசை எழட்டும் என்று ஒரு டப்பாவில் புளியங்கொட்டை போட்டு மூடிக் கொடுத்தோம். மூடி கழன்று கொட்டைகள் சிதறின. ஒன்று குழந்தையின் வாய்க்குள் போய்விட்டது. சிஸ்டர் பார்த்து உடனே எடுத்துவிட்டார்கள். எங்களைத் திட்டவில்லை. ஆனால் அவர்கள் கை நடுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அன்று முதல் அட்டையில் 4 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறோம். அதனுள் முழுதாய் நுழைந்து போகும் எதையும் கொடுப்பதில்லை. நாணயம், பாசிமணி, நிலக்கடலை, பொத்தான் போன்ற பேட்டரி, பிளாஸ்டிக் பை, நீண்ட கயிறு ஆகியவை குழந்தை இருக்கும் அறையிலேயே கூடாது. தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் வைத்து விளையாட விட்டாலும் நொடி கூட அகலக் கூடாது. கைப்பேசியைக் காட்டி அழுகையை நிறுத்துவதும் வேண்டாம். ஒரு வயது வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது.

இவற்றையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னோம். “கரண்டியும் தம்ளருமா? அது எங்க வீட்டுலயும் இருக்கே!” என்று சிரித்தார். மறு சனிக்கிழமை, சாம்பல் போட்டுப் பளபளவென்று துலக்கிய பித்தளை ஆழாக்கு ஒன்றைக் கொண்டு வந்து பெட்டியில் வைத்தார். எல்லாக் குழந்தைகளும் இப்போது முதலில் எடுப்பது அதைத்தான். நாங்கள் வாங்கிய பொம்மை அலமாரியின் மேல் இருக்கிறது.